முதலில் உப்பு வரும்

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள், முகப்புக்குப் போக ஏன் இத்தனை படிகள் என்று கேட்பதுண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் புகுந்தபோது முன்னோர் பட்ட பாட்டை மறக்காமல்தான் அடித்தளத்தை உயர்த்திக் கட்டினார்கள் என்பார்கள் ஊர்க்காரர்கள். கடல் காரணமல்ல, சோழ மன்னனின் கொடுமை தாங்காமல்தான் செட்டிநாட்டு வணிகரான நகரத்தார் பாண்டிய நாட்டுக்கு வந்தார்கள் என்றும் ஒரு வழக்கு உண்டு. இரண்டுமே செவிவழி வந்தவை. ஆனால் புகார் என்ற அந்தப் பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை பூம்புகார் அருகே கீழையூரில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறை வெளிப்பட்டது.

செட்டிநாட்டின் காரைக்குடி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த நூற்றாண்டின் எந்தக் கணக்கின்படியும் கடல் இங்கே வராது. அப்படியென்றால் நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா? நகரத்தார் கிட்டங்கி என்னும் வணிகக் கூடம் நடத்திய ஊர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன். பெரும்பாலும் தாழ்வான துறைமுக நகரங்கள். இன்று பிள்ளைகள் வேலைக்குப் போவதும், ஊரில் விற்ற நிலத்தின் பணம் போய்ச் சேர்வதும் சென்னைக்கு. செட்டிநாடு மேட்டில் இருந்தாலும் அதன் சொத்தும் சொந்தமும் கடலோரத்தில்தான்.

கடல் ஏன் உயர்கிறது? நாம் கக்கும் கரியமில வாயுவால் சிக்கும் கூடுதல் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கைக் கடல்தான் விழுங்குகிறது. சூடேறிய நீர் விரிகிறது. 1971 முதல் 2018 வரையிலான உயர்வில் பாதி இந்த விரிவால் மட்டுமே வந்தது. மீதியில் பெரும்பகுதி மலைப் பனியாறுகளும் கிரீன்லாந்து, அண்டார்டிகாவின் பனிப்பாளங்களும் உருகியதால் வந்தது. 1901க்கும் 2018க்கும் இடையே உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. முதலில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டர், 2006க்குப் பிறகு 3.7. வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் என்று இந்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. புகையை எவ்வளவு குறைக்கிறோம் என்பதைப் பொறுத்து 2100க்குள் கால் மீட்டருக்குச் சற்று மேலிருந்து ஒரு மீட்டர் வரை உயரலாம் என்பது ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2021 கணிப்பு.

மில்லிமீட்டர் கணக்கைக் கேட்டு அலட்சியம் வேண்டாம். சென்னைக் கரையில் ஓதத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடே ஒரு மீட்டரைச் சுற்றித்தான். அந்த ஊரின் கால்வாய்களும் ஆற்று முகத்துவாரங்களும் அந்தச் சிறிய இடைவெளியை நம்பித்தான் வடிகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கடல் கொந்தளித்து நின்றதால் அடையாறும் கூவமும் கொண்டுவந்த வெள்ளம் வடிய வழியில்லை. "கடல் தண்ணிய உள்வாங்கல" என்று கரையோர மக்கள் சொன்னது சரியான அறிவியல். கடல் கால் மீட்டர் உயர்ந்துவிட்டால் இதே நிலைமைக்கு அத்தனை பெரிய புயல் தேவையிருக்காது. பெங்களூரின் சி-ஸ்டெப் ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட மதிப்பீடு, 2040க்குள் சென்னை நிலத்தில் 5 முதல் 10 விழுக்காடு மூழ்கக்கூடும் என்கிறது. அந்த ஆண்டு வருமுன்பே மழைநீர் பின்வாங்கித் தெருவுக்கு ஏறுவதை அந்த மக்கள் பலமுறை பார்க்க வேண்டியிருக்கும் என்பது என் கணிப்பு.

ஆனால் கடல் தெருவுக்கு வருவதற்கு முன்பே மண்ணுக்குள் வந்துவிடுகிறது. கரையோரத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் நன்னீர் நிற்கும். உப்புநீர் சற்றே கனமானது என்பதுதான் காரணம். மேலே ஒரு மீட்டர் குறைந்தால் அடியிலிருந்து உப்பு நாற்பது மீட்டர் மேலேறும். நாம் உறிஞ்சினாலும் சரி, கடல் உயர்ந்தாலும் சரி, விளைவு ஒன்றுதான். சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் நகரத்தின் தாகத்துக்காக அளவுக்கு மீறி இறைத்ததில் உப்பு பல கிலோமீட்டர் உள்ளே ஏறியது. அந்த வட்டாரத்தில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசி தெரிந்த காரைக்குடிக்காரர்களுக்கு அந்த இழப்பை விளக்க வேண்டியதில்லை.

அந்த உப்பு கட்டடத்தை என்ன செய்கிறது என்பதை நன்றாக அறிந்தவர்கள் காரைக்குடியிலேயே இருக்கிறார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நமக்கெல்லாம் சிக்ரி. இந்தியாவின் எந்த ஊரில் இரும்பு எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கிறது என்று வரைபடமே போட்டவர்கள் அவர்கள். நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அதன் காரத்தன்மை மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்றால் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு நுண்துளைகள் வழியே புகுந்து அந்தப் படலத்தை உடைக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். உள்ளிருந்து நெருக்கிக் கான்கிரீட்டைப் பிளக்கும். நாம் சுவரில் விரிசலைப் பார்க்கும்போது உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்கி நாளாகியிருக்கும். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டதற்கும், 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்ததற்கும் பின்னால் இருப்பது இந்த உப்புதான். நிலத்தடி நீர் உப்பாகிவிட்டால், உப்புக் காற்று மேலிருந்து செய்ததை நீர் அடித்தளத்திலிருந்து செய்யும். அடுக்குமாடிகள் அதற்குத் தப்பாது.

கடலைத் தடுக்கப் பணம் உள்ளவர்கள் தடுப்பார்கள். கரையைக் காக்க நூறாண்டுகளில் 100 பில்லியன் சிங்கப்பூர் டாலர் வேண்டியிருக்கலாம் என்று 2019 தேசிய தின உரையில் சிங்கப்பூரின் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். காசிமேட்டிலும் பட்டினப்பாக்கத்திலும் தொண்டியிலும் வலை உலர்த்துகிறவருக்கு யார் அணை கட்டுவார்கள்? நகரத்தார் கதை உண்மையானால், அவர்களிடம் வணிகமும் போய் இறங்க நிலமும் இருந்தன. கரையை விட்டால் தொழிலே இல்லாதவர்களை ‘இடம் மாற்றுங்கள்’ என்று ஒற்றை வரியில் சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல. அவர்களைக் காக்கும் அலையாத்திக் காடுகளையும் மணல்மேடுகளையும் முகத்துவாரங்களையும் விட்டுவைப்பதுதான் முதல் கடமை. 2022இல் ராம்சர் தகுதி பெற்ற பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வெள்ளத்தைத் தாங்கும் இடம். அதை மனைகளாக்குவது வெள்ளத்தை வீட்டுக்குள் அழைப்பதாகும்.

சென்னையில் வீடோ மனையோ பார்க்கப் போகிறீர்களா? சதுர அடி விலை கேட்பதற்கு முன், அந்த இடம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம், பக்கத்தில் வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது, கிணற்றுத் தண்ணீர் உப்பா என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.