1986ல் நின்ற மாயவரம் - தரங்கம்பாடி ரயில்: கேட்பது ஏன், வராதது ஏன்?

மயிலாடுதுறையில் இருந்து தரங்கம்பாடிக்கு 60 வருடம் ரயில் ஓடியது. 1926ல் திறந்த, சுமார் 30 கி.மீ. நீள மீட்டர் கேஜ் பாதை அது. வருமானம் போதவில்லை என்று 1986ல் மூடினார்கள். பிறகு தண்டவாளமும் போய்விட்டது. போகாதது மனுக்கள்தான். பயணிகள் சங்கங்கள், வியாபாரிகள், கட்சிக்காரர்கள் என்று இன்றுவரை யாராவது கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

யாருக்கு வேணும் இந்த ரயில்?

மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாகப் போன பாதை இது. மன்னம்பந்தலிலும் பொறையாறிலும் கல்லூரிகள் இருக்கின்றன. தரங்கம்பாடியில் 1620ல் கட்டத் தொடங்கிய டேனிஷ் கோட்டையைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். எல்லாவற்றையும் விட திருக்கடையூர். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் நடக்கும் ஊர். மாப்பிள்ளை, பொண்ணுக்கே அந்த வயசு என்றால் வருகிற சொந்தபந்தங்களுக்கு என்ன வயசு இருக்கும்? மாயவரம் ஜங்ஷனில் இறங்கி, மூட்டை முடிச்சோடு பஸ்ஸோ காரோ பிடிக்கிறார்கள்.

சரி, என்னதான் சிக்கல்?

கணக்குதான். ரயில்வே முதலில் சர்வே எடுக்கும். போடுகிற பணத்துக்கு எவ்வளவு திரும்பி வரும் என்று பார்க்கும். தேறினால்தான் ரயில்வே வாரிய ஒப்புதல், பட்ஜெட். பட்ஜெட்டில் பெயர் வந்தால் மட்டும் போதாது, நிதியும் வரணும்.

பக்கத்திலேயே பேரளம் - காரைக்கால் பாதை, 23 கி.மீ. அதுவும் 1980களில் மூடப்பட்டதுதான். ஆனால் அகலப்பாதையாகத் திரும்பப் போட்டு, 2025ல் சோதனை ஓட்டமே நடந்துவிட்டது. அந்தப் பாதையில் திருநள்ளாறு பக்தர்கள் உண்டு. கூடவே காரைக்கால் துறைமுகத்து நிலக்கரியும் உண்டு. சரக்கு ரயில் கொண்டுவரும் வருமானத்தை கல்யாணக் கூட்டமும் கல்லூரிப் பிள்ளைகளும் கொடுத்துவிட முடியாது. டிக்கெட் கணக்கை மட்டும் பார்த்தால் தரங்கம்பாடி தோற்கத்தான் செய்யும்.

அதனால்தான் இப்போது கோரிக்கையே கொஞ்சம் மாறியிருக்கிறது. பாதையைத் தரங்கம்பாடியோடு நிறுத்தாமல் காரைக்கால் வரை நீட்டுங்கள் என்கிறார்கள். கடலில் போய் முட்டி நிற்கிற பாதை, இரண்டு பக்கமும் இணைந்த பாதையாகிவிடும். சரக்கு ரயிலுக்கும் ஒரு மாற்று வழி கிடைக்கும்.

நல்ல யோசனைதான். ஆனால் பழைய பாதையின் நிலம் ரயில்வே கையிலேயே இருக்கிறது, புதிதாக வாங்க வேண்டியதில்லை என்பதுதான் இவர்களின் பலமான வாதம். தரங்கம்பாடிக்குத் தெற்கே அந்த வாதம் செல்லாது. அங்கே பழைய பாதை எதுவும் கிடையாது. நிலம் எடுக்கணும். நடுவில் புதுச்சேரி எல்லை வேறு வருகிறது. ஒரு அரசிடம் கொடுத்த மனுவை இனி இரண்டு அரசுகளிடம் கொடுக்க வேண்டியிருக்கும்.