எதிரிக் கூண்டில் நிற்கும் முன்னாள் படைவீரர்

வெடிச்சத்தம் கேட்டதும் பதுங்குகுழியைத் தேடும் பழக்கம் எம்மில் எத்தனை பேரை இன்னும் விடவில்லை! துவக்குப் பிடித்தவர்களையும் அது விடுவதில்லை. நித்திரையின்மை, கெட்ட கனவு, காரணமில்லாத கோபம், அவற்றை மறக்கக் குடி. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களிடம் இவை பரவலாகக் காணப்பட்டன. 1980 இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் இந்த மனவடுவைத் தனது நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

குடியும் கோபமும் சிலரை நீதிமன்றம் வரை கொண்டுபோய்விடுகின்றன. மறியலில் அடைத்தால் நோய் மாறுவதில்லை.

நியூயோர்க் மாநிலத்தின் பபலோ நகரில் நீதிபதி றொபேட் றசல் இதை நேரில் கண்டவர். அவரது நீதிமன்றத்துக்கு வந்த வியட்நாம் வீரர் ஒருவர் எதைக் கேட்டாலும் வாய்திறவாமல் நின்றார். அங்கு பணிபுரிந்த, தாமும் வியட்நாமில் போரிட்ட இருவரை அவருடன் வெளியே போய்ப் பேசும்படி நீதிபதி கேட்டுக்கொண்டார். திரும்பி வந்தவர் நிமிர்ந்து நின்று, இனி முயன்று பார்ப்பதாகச் சொன்னார். 2008 தை மாதம் முன்னாள் படைவீரருக்கென அங்கு தனி நீதிமன்றம் தொடங்கியது. இன்று அந்நாட்டில் இத்தகையவை நூற்றுக்கணக்கில் உள்ளன.

இதிற் சேர்வதற்கு எதிரியின் சம்மதம் வேண்டும். சிகிச்சைக்குப் போகவேண்டும், போதைப்பொருட் பரிசோதனைக்கு உட்படவேண்டும், அடிக்கடி நீதிபதி முன் வந்து நிற்கவேண்டும். ஒரு வருடமோ அதற்கு மேலோ எடுக்கும். சிகிச்சை ஒழுங்குகளைச் செய்யும் அலுவலர் நீதிமன்றத்திலேயே இருப்பார். தொண்டராக வரும் வேறொரு முன்னாள் வீரர் துணையாக நிற்பார். எமது எண்ணத்தில் இவரே இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு. ஒழுங்காக முடித்தால் குற்றச்சாட்டு நீக்கப்படலாம், அல்லது குறைக்கப்படலாம். முடிக்காதவரின் வழக்கு வழமையான பாதைக்குத் திரும்பும்.

துவக்குத் தூக்கியவருக்கு இத்தனை கரிசனையா, அவர்களால் வீடு வாசலை இழந்தவருக்கு என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வியட்நாமிலும் ஈராக்கிலும் குண்டுவீச்சில் வயலை விட்டோடிய கமக்காரருக்கு இப்படி ஒரு நீதிமன்றம் கிடையாது.

ஆனால் இது மன்னிப்பு அல்ல. கொரியப் போரில் இருமுறை காயப்பட்ட ஜோர்ஜ் போட்டர், 1986 இல் புளோரிடாவில் இருவரைக் கொன்று மரணதண்டனை பெற்றார். அவர் பட்ட போர்த்துன்பத்தை அவரது சட்டத்தரணி ஜூரிமாருக்குச் சொல்லவேயில்லை. அது பெருந்தவறு என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009 இல் ஒருமனதாகக் கூறியது. கொலைக்குற்றம் நீங்கவில்லை. தண்டனையைத் தீர்மானிக்குமுன் முழுக்கதையும் கேட்டிருக்கவேண்டும் என்பதே தீர்ப்பு.

மனைவியை அடித்தவரை இத்தகைய நீதிமன்றங்கள் ஏற்கலாமா என்பதில் அங்கேயே கருத்து வேறுபாடு உண்டு. சில ஏற்கின்றன, சில மறுக்கின்றன. ஏற்பதானால், அடிபட்டவளை முதலில் தனியே அழைத்துக் கேட்கவேண்டும் என்பது எமது கருத்து. அவளும் அதே போரை வீட்டுக்குள் அனுபவித்தவள்.