கண்ணில் விழும் பூவும் புரையும்

வேம்பார்க் கடற்கரையில் ஜீவனம் செய்வோரின் கண்களுக்கு நேரும் தொல்லைகள் பல. கடலில் செல்வோரை நீரில் பட்டுத் திரும்பும் வெயிலும், உப்பளத்தில் உழைப்போரை வெண்ணிற உப்பின் கூச்சமும், பனையேறுவோரை மட்டைக் கருக்கும் பதனீர்க் கலயத்துச் சுண்ணாம்பும் வருத்துகின்றன. பார்வை மங்கியவரைக் கண்டால், "கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது" என்று ஜனங்கள் பொதுவாகச் சொல்லிவிடுகின்றனர். அவ்வெள்ளையில் இரண்டு வகைகள் உண்டு. ஒன்று புரை, மற்றொன்று பூ. புரையால் இழந்த பார்வை பெரும்பாலும் மீளும். பூவினால் இழந்த பார்வை மீளுவது அரிது. இவ்விரண்டின் பேதத்தையும் சங்க அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் அவசியம்.

கண்ணின் அமைப்பு

கண்ணின் முன்புறத்தில், கைக்கடியாரத்தின் மேற்கண்ணாடி போலத் தெளிந்த ஒரு படலம் உளது. இதனை வைத்தியர் கருவிழிப் படலம் என்பர். அதற்குப் பின்னால் கருமையாகத் தோன்றும் வட்டத்தின் நடுவிலுள்ள துவாரமே பாவை. வெளிச்சம் மிகுந்தால் அது சுருங்கும், குறைந்தால் விரியும். பாவைக்குப் பின்னால் வில்லை இருக்கிறது. வில்லையின் வழியே செல்லும் ஒளி, கண்ணின் உட்சுவராகிய விழித்திரையில் விழ, பார்வை நரம்பு அச்செய்தியை மூளைக்குக் கொண்டு செல்கிறது.

புரை

வயதாக ஆக வில்லை கலங்கிவிடுவதே புரை. வெண்மை பாவைக்கு உள்ளே தெரியும். வலியும் சிவப்பும் இரா. இதற்குச் சொட்டு மருந்து கிடையாது. கலங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை பொருத்துவதே சிகிச்சை. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய பின்னும் இவ்வித சிகிச்சையைப் பல்லாயிரவருக்குச் செய்தார். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை அவர் தொடங்கினார். ஆகையால் புரை விழுந்த முதியோரைக் குருடர் என்று திண்ணையில் உட்கார்த்தி வைத்தல் தகாது.

பூ

கருவிழிப் படலத்தில் புண் உண்டாகி, ஆறியபின் எஞ்சும் தழும்பே பூ. வெண்மை கண்ணின் மேற்பரப்பிலேயே படிந்திருக்கும். ஓலை நுனியோ தூசியோ படலத்தைக் கீறுகிறது. கீறலின் வழியே கிருமியோ பூஞ்சைக் காளானோ புகுகிறது. சில தினங்களில் புண் பெருகுகிறது. கண் சிவத்தல், வலி, நீர் வடிதல், வெளிச்சம் காணக் கூசுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். தழும்பு பாவையை மறைத்துவிடின், பிறர் இறந்தபின் தானமாக அளிக்கும் கருவிழிப் படலத்தை மாற்றிப் பொருத்துவதையே பெரும்பாலும் நாட வேண்டும்.

ஆயினும் கீறலைப் புண்ணாகாமல் தடுக்கலாம். நேபாள தேசத்துப் பக்தபூரில் கிராம சுகாதார ஊழியர்கள் கீறல்பட்ட கண்களுக்குக் குளோராம்பெனிகால் களிம்பைத் தினம் மூன்று வேளை வீதம் மூன்று நாள் இட்டனர். 2001-இல் வெளியான அறிக்கையின்படி, 48 மணி நேரத்திற்குள் வந்த 442 பேரில் 424 பேருக்குப் புண் உண்டாகவில்லை. 18 மணி நேரத்திற்குள் வந்த 284 பேரில் ஒருவருக்கேனும் புண் உண்டாகவில்லை. விலையுயர்ந்த கருவி எதுவும் அங்கே வேண்டியிருக்கவில்லை. காலதாமதமின்மையே பயன் தந்தது.

செய்யத் தகாதவை: தாய்ப்பால், பச்சிலைச் சாறு முதலியவற்றைக் கண்ணில் விடலாகாது. வைத்தியர் சீட்டின்றிக் கடையில் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து சிவப்பைத் தணிப்பதுபோல் காட்டி, பூஞ்சைப் புண்ணை உள்ளே வளர்த்துவிடும். கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால் அக்கணமே இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரால் அரை மணி நேரமாவது கழுவிய பின்னரே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

ஏனைய நோய்கள்

நாற்பது வயதை ஒட்டி, கிட்டத்தில் உள்ள எழுத்து மங்குவது வெள்ளெழுத்து. மூக்குக்கண்ணாடியே இதற்குப் போதும். வெயிலிலும் காற்றிலும் உழைப்போருக்கு மூக்கின் பக்கமிருந்து சதை வளர்ந்து கருவிழியை நோக்கிப் படரும்; பாவையை நெருங்குமுன் வைத்தியரிடம் காட்டுக. கண்நீர் அழுத்த நோய் வலியின்றிப் பக்கப் பார்வையைக் குறைக்கும். போன பார்வை திரும்பாது. ஆதலால் நாற்பது கடந்தோர் கண்ணின் அழுத்தத்தைச் சோதித்துக்கொள்ளல் நலம். குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ குறைவால் மாலைக்கண் வரும். முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை, மீன் ஆகியவை அதனைத் தடுக்கும் ஆகாரங்கள்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

1. உப்பளத் தொழிலாளருக்கும் பனையேறுவோருக்கும் கண்காப்புக் கண்ணாடிகளை மொத்தமாக வாங்கி, அடக்க விலைக்கு வழங்கலாம்.

2. கண்ணில் அடிபட்டவரை அன்றே கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அனுப்ப ஓர் அங்கத்தினரைப் பொறுப்பாளராக்கலாம்.

3. உபவிதிகள் இடந்தருமாயின், வண்டிச் சத்தத்திற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம். கூலியை இழக்க அஞ்சியே பலர் நாட்களைக் கடத்துகின்றனர்.

4. ஆண்டுக்கொருமுறை முதியோரின் பட்டியலைத் தயாரித்துக் கண் சிகிச்சை முகாமுக்கு அழைத்துச் செல்லலாம்.

புரைக்குச் சில வாரங்கள் பொறுக்கலாம். கீறல்பட்ட கண்ணுக்கு ஒரு நாளும் பொறுத்தல் ஆகாது.