கடத்தல் வழக்கும் தண்டனையும்

மும்பையின் தாராவியிலும் மாதுங்காவிலும், தில்லியின் கரோல் பாகிலும், பெங்களூரின் அல்சூரிலும் வாழும் நம்மவர் காதில் 'குழந்தையைக் கடத்திச் சென்றார்கள்' என்ற செய்தி விழுந்தால், உள்ளம் பதறுவது இயல்பு. பிடிபட்டவனுக்கு மிகக் கடுமையான தண்டனையே கிடைக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால், சில ஆண்டுகளுக்குப் பின் தீர்ப்பு வரும்பொழுது ஒருவன் விடுதலை பெறுகிறான். ஒருவனுக்கு ஏழாண்டுச் சிறை. மற்றொருவனுக்கு ஆயுள் சிறை. குற்றத்தின் பெயர் ஒன்றாயிருக்க முடிவு மட்டும் இவ்வாறு வேறுபடுவது ஏன்? அதனைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமே நெடுங்காலம் இக்குற்றத்தை வரையறுத்து வந்தது. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதீய நியாய சம்ஹிதை நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும். பழைய சட்டத்தில் ஆண் பிள்ளைக்கு 16, பெண் பிள்ளைக்கு 18 என்று வயது எல்லை வேறுபட்டிருந்தது. புதிய சட்டம் இருவருக்கும் 18 என வைத்துள்ளது. அவ்வயது நிரம்பாத ஒருவரைச் சட்டப்படியான பாதுகாவலரின் சம்மதமின்றி அழைத்துச் செல்வதும், ஆசை காட்டி வரச்செய்வதும் கடத்தலாகும். இங்கே பிள்ளையின் சம்மதம் கணக்கில் வாராது. பாதுகாவலரின் சம்மதமே கேட்கப்படும்.

தண்டனையை நிர்ணயிப்பது நோக்கம். வேறு நோக்கம் மெய்ப்பிக்கப்படாத கடத்தலுக்கு ஏழாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஒரு பெண்ணைக் கட்டாய மணத்திற்கென்று கடத்தினால் பத்தாண்டு வரை சிறை. பிச்சையெடுக்க வைப்பதற்காகக் குழந்தையைக் கடத்தினால் பத்தாண்டுக்குக் குறையாத கடுங்காவல். அது ஆயுள் வரை நீளலாம். பணயத்தொகை கேட்டு, கொல்வதாகவோ காயப்படுத்துவதாகவோ மிரட்டினால் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை. பணயத்தொகை பற்றிய இப்பிரிவு 1993-இல் பழைய சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அது அரசியலமைப்புக்கு முரணன்று என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் உறுதி செய்தது.

எனினும், சட்டத்தில் எழுதப்பட்ட தண்டனை வேறு. மெய்ப்பிக்கப்பட்ட குற்றம் வேறு. இதனை மூன்று வழக்குகள் தெளிவாகக் காட்டும்.

முதலாவது சென்னையில் எழுந்தது. 18 வயது நிரம்பச் சில வாரங்களே இருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, தானே அழைத்து, தான் விரும்பிய இளைஞருடன் சென்றாள். கீழ் நீதிமன்றங்கள் அவரைத் தண்டித்தன. 1964-இல் உச்ச நீதிமன்றம், வரதராஜன் எதிர் சென்னை மாநிலம் என்னும் வழக்கில், அத்தண்டனையை நீக்கியது. தன் செயலை அறிந்து தானே வருபவளைத் தன்னோடு வரவிடுவது வேறு, 'அழைத்துச் செல்வது' வேறு என்றார் நீதிபதி முதோல்கர்.

இரண்டாவது வழக்கு அரியானாவினது. பதினான்கு வயதுச் சிறுமிக்கு ஒருவன் இடையாளாக நின்று, வேறொருவனிடம் வருமாறு அவள் மனத்தை இணங்கச் செய்தான். உயர் நீதிமன்றம் அவனை விடுவித்தது. உச்ச நீதிமன்றமோ 1972-இல் தண்டித்தது. பலவந்தம் தேவையில்லை, தூண்டி இணங்கச் செய்தலே போதும் என்பது அதன் கருத்து. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையே முரணில்லை; தூண்டியவர் யார் என்ற கேள்விக்குச் சான்று தந்த விடைதான் வேறு. ஆனால், முதல் தீர்ப்பை நம்பி இளைஞர்கள் ஏமாறலாகாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, 18 வயதுக்குட்பட்டவரோடு பாலுறவு கொள்வது, அவர் இணங்கியிருந்தாலும், தனியே பெருங்குற்றமாகும்.

மூன்றாவது தெலங்கானாவில் நிகழ்ந்தது. ஆறாம் வகுப்புச் சிறுவனை ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் கொண்டுபோய், தந்தையிடம் இரண்டு லட்ச ரூபாய் கேட்டார். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் ஆயுள் சிறை விதித்தன. உச்ச நீதிமன்றம் 2021-இல் சாட்சியங்களை மீண்டும் ஆராய்ந்தது. கடத்தலும் பணம் கேட்டதும் நிலைபெற்றன. கொல்வதாகவோ தீங்கு செய்வதாகவோ மிரட்டியது மட்டும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே ஆயுள் சிறை நீங்கி, ஏழாண்டுச் சிறையும் ஐயாயிரம் ரூபாய் அபராதமுமாக மாறிற்று. சாட்சியத்தில் ஒரு கண்ணி இல்லாமற்போனதால் தண்டனை எவ்வளவு மாறியது என்று பாருங்கள்!

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இங்கேதான் பாடம் இருக்கிறது. மராத்தியோ இந்தியோ கன்னடமோ தடுமாறும் பெற்றோர், பதற்றத்தில் பாதியைச் சொல்லிப் பாதியை விட்டுவிடுவது எளிது. எழுதப்பட்டது இன்னதென்று அறியாமலே கையொப்பமிடுவதும் உண்டு. அந்தத் தாளே பின்னர் வழக்கின் அடித்தளமாகிறது. புகார் கொடுத்தவர் அது தமக்குப் படித்துக் காட்டப்பட வேண்டுமெனக் கேட்கலாம். அது அவருடைய உரிமை. மிரட்டிய சொற்களை, கேட்ட மொழியிலேயே, நாளும் நேரமும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். தொலைபேசியில் வந்த செய்தியை அழிக்காமல் வைத்தல் வேண்டும்.

எந்தக் காவல் நிலையத்திற்குப் போவது என்று தயங்க வேண்டுவதில்லை. குற்றம் எவ்விடத்தில் நிகழ்ந்திருப்பினும், அருகிலுள்ள நிலையம் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். குழந்தை காணாமற்போனால் அதனைக் கடத்தலாகவே முதலில் கருதி முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2013-இல் பணித்தது. உடனடி உதவிக்கு 112, குழந்தைகளுக்கென 1098, இலவச சட்ட உதவிக்கு 15100 ஆகிய எண்கள் உள்ளன. மும்பையில் கடத்திச் சென்னையில் ஒளித்து வைத்தாலும், இரு நகரங்களுள் எதிலும் வழக்கை விசாரிக்கச் சட்டம் இடந்தருகிறது.

வயதே வழக்கின் உயிர்நாடியாதலால், பிறப்புச் சான்றிதழும் பள்ளிச் சான்றிதழும் சொந்த ஊர்ப் பெட்டியில் கிடத்தல் ஆகாது. நகலாவது நம்மிடம் இருத்தல் நலம். நம்மவர் ஒருவர்மீதே வீண் குற்றச்சாட்டு எழுந்தாலும் இது பொருந்தும்: தமக்குத் தெரியாத மொழியில் சாட்சியம் கூறப்பட்டால், அதனைத் தமக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துக் கூறுமாறு கேட்க அவருக்கு உரிமையுண்டு.

நீதிமன்றம் ஆத்திரத்தை அளந்து தண்டிப்பதில்லை. தன் முன் வைக்கப்பட்ட சான்றை அளந்தே தண்டிக்கிறது. அச்சான்று முழுமையாக அமைவது, முதல் நாளில் நாம் சொல்லும் சொல்லையும் காக்கும் தாளையும் பொறுத்தது.