காணித் தரகு – 6: விலைக்கு முன் உறுதி

மருதனார்மடச் சந்தியில் இறங்கி உடுவில் பக்கம் காணி தேடுகிறவர் முதலில் கேட்பது, "அண்ணை, பரப்பு என்ன போகுது?" என்பதுதான். யாழ் நகரிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிற ஊர். செம்மண், நல்ல தண்ணீர், 1824இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய மகளிர் கல்லூரி. கேட்க ஆள் இருக்கும்போது தரகரும் தயங்காமல் ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார். அதற்கு முன் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அவற்றைக் கேளாமல் விட்ட பேரம் நொத்தாரிசின் மேசைவரை போய் அங்கே முறியும்.

முதற் கேள்வி, எந்தப் பரப்பு? மேட்டுநிலத்தில், அதாவது வரகுக் கணக்கில், 18 குழி ஒரு பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர். வயலில், அதாவது நெல்லுக் கணக்கில், 12 குழிதான் ஒரு பரப்பு. ஏக்கருக்கு 24 பரப்பு. பழைய உறுதியில் நெல்லுக் கணக்கில் எழுதிய துண்டை வரகுக் கணக்கில் விலைபேசினால், அளவையாளர் சங்கிலி பிடிக்கும் நாளில் மூன்றில் ஒரு பங்கு நிலம் குறையும். குறைந்த நிலத்துக்கு யார் பொறுப்பு என்ற சண்டையில் தரகுக் காசு போய்விடும். வயற்காணியை வீட்டுக்காணி என்று காட்டுவது அதைவிடப் பெரிய தொல்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வயலை நிரப்ப முடியாது.

அடுத்தது, காணி யாருடையது? இந்தத் தொழிலின் முழுப் பாரமும் இங்கேதான் கிடக்கிறது.

உடுவிலில் சாதாரணமாகக் காணக்கூடிய ஒரு வளவை எடுத்துக்கொள்வோம். தாயின் சீதனக் காணி. தாய் இல்லை. நான்கு பிள்ளைகளில் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் லண்டனில், ஒருவர் கொழும்பில். ஊரில் இருப்பவர் கடைசி மகள். "காணி என்னுடையதுதான், நான்தானே வேலி அடைத்து வைத்திருக்கிறேன்" என்று அவர் சொல்கிறார். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் பிரிபடாத காணியில் அவருக்கு இருப்பது ஒரு பங்கு மட்டும். அந்தப் பங்கையும் நினைத்தபடி வெளியாருக்கு விற்க முடியாது. 1707இல் ஒல்லாந்தர் காலத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1806இல் ஆங்கிலேயர் ஒழுங்குவிதியாக்கிய தேசவழமை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதையொட்டிய 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டம், விற்கவிருக்கும் பங்கை முதலில் வாங்கும் உரிமையைக் கூட்டுப் பங்காளருக்கும், விற்பவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் உரித்தாளிகளாக வரக்கூடியவர்களுக்கும் கொடுக்கிறது. அவர்களுக்கு அறிவிக்காமல் முடித்த உறுதியோடு நீதிமன்றப் படியேறவேண்டி வரலாம்.

அந்த மகள் திருமணமானவர் என்றால் இன்னொரு கையொப்பமும் வேண்டும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு விதியா என்று கோபம் வரும், நியாயமான கோபம்தான். அதற்காக நொத்தாரிசு அந்த இடத்தை வெறுமையாக விடமாட்டார். கணவன் பிரிந்து போயிருந்தால், அல்லது சம்மதம் தர மறுத்தால், நீதிமன்றத்தின் அனுமதி எடுக்கவேண்டும். அதற்கு எடுக்கும் மாதங்களை முதல் நாளே வாங்குபவரிடம் சொல்கிற தரகர் அந்த ஊரில் நிலைப்பார்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அற்றோணித் தத்துவம் அனுப்புவார்கள். அதைக் கண்ணால் பார்த்தால் போதாது. கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, விற்கும் அதிகாரம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்தது. இறந்தவரின் தத்துவத்தில் காணி விற்கும் கூட்டம் பல ஊர்களிலும் உண்டு. காணிப் பதிவகத்தில் ஏட்டைத் தேடிப் பார்க்கும் சிறு செலவை மிச்சம்பிடிக்கும் தரகர்தான் அந்தக் கூட்டத்துக்கு வசதி.

வாங்கும் பக்கத்திலும் இதே சோதனை இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி உரிமைமாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடை இல்லை. பெற்றோரிடமிருந்து வழியுரிமையாக வருவதற்கும் தடை இல்லை. ஆனால் கனடியக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருக்கும் உடுவில் பிள்ளை பக்கத்து வளவை விலைக்கு வாங்க முடியாது. "மச்சானின் பெயரில் எழுதுவோம்" என்று சில தரகர் வழி சொல்கிறார்கள். மோசமான ஆலோசனை. உறுதியில் யாருடைய பெயர் இருக்கிறதோ காணி அவருடையது. பிறகு மச்சானின் பிள்ளைகள் பங்கு கேட்டால், வழி சொன்ன தரகர் சாட்சிக் கூண்டில் நிற்பார்.

கிணற்றை மறந்துவிடக் கூடாது. இந்தப் பக்கத்து உறுதிகளில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் சேர்ந்தே எழுதப்படும். பொதுக் கிணற்றில் எத்தனை பேருக்குப் பங்கு, இறைப்பு முறை எப்படி என்பதைத் தரகர் அயலாரிடம் நேரே போய்க் கேட்கவேண்டும். நீரின் தரமும் விலையில் சேரும். அயலூரான சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தது பற்றிய வழக்கில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி நோதேர்ன் பவர் நிறுவனத்துக்கு உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உத்தரவிட்டது. அதன்பிறகு கிணற்று நீரைப் பரிசோதித்த அறிக்கை கேட்பவரைச் சந்தேகப்பிராணி என்று சொல்லமுடியாது. கேட்குமுன் எடுத்து நீட்டும் தரகருக்குப் பேரம் பேசும் வேலை பாதியாகக் குறையும்.

இனித் தரகுக் காசு. விற்பவர் சொன்ன விலைக்கு மேல் ஒரு தொகை வைத்து, இடையில் உள்ளதைத் தானே எடுத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. விற்பவர் லண்டனிலும் வாங்குபவர் பாரிஸிலும் இருந்தாலும், ஒரு வட்ஸ்அப் அழைப்பில் இரண்டு விலையும் வெளியே வந்துவிடும். அமெரிக்காவில் கொமிசன் வழக்குகளை முடிக்கத் தேசிய ரியல்ட்டர்கள் சங்கம் 2024இல் 41 கோடி 80 லட்சம் டொலர் கொடுக்க இணங்கியது. வீட்டைக் காட்டுமுன் வாங்குபவரோடு கட்டணத்தை எழுத்தில் ஒப்புக்கொள்ளவேண்டும் என்ற விதியும் அதோடு வந்தது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் முகவர்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. உடுவில் தரகர் யாரும் சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எவ்வளவு, யாரிடமிருந்து, எப்போது என்று ஒரு தாளில் எழுதி இரு பக்கமும் கையொப்பம் வாங்கினால் போதும்.

உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்லும் வேண்டுகோளுக்கும் தரகர் தலையாட்டக் கூடாது. முத்திரைத் தீர்வையில் மிஞ்சும் பணத்துக்காக இரு பக்கமும் பொய் விலையில் கையெழுத்து வைப்பார்கள். மிச்சக் காசு பையில் கைமாறும். 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ் காணி, வீட்டுத் தரகர்களுக்கும் கடமைகள் உண்டு. மத்திய வங்கியின் நிதிப் புலனாய்வுப் பிரிவு அவற்றைக் கண்காணிக்கிறது. வாடிக்கையாளர் யார் என்று அடையாளம் காண்பதும் அக்கடமைகளில் ஒன்று.

உடுவிலில் காணி வாங்க இருக்கும் வாசகர்கள் தரகரிடம் முதலில் உறுதிப் பிரதியையும் அளவைப் படத்தையும் கேளுங்கள். "அதெல்லாம் பிறகு பார்ப்பம்" என்பவருக்கு அச்சாரம் கொடுக்கவேண்டாம்.

(அடுத்த வாரம்: ஒற்றிக் காணியும் ஈட்டுக் காணியும்)