ஓடினால் காலெலும்பு வலிக்கிறதா?

உங்கள் வீட்டுப் பிள்ளை போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிறானா? அல்லது, 'சுகர் எட்டிப் பார்க்குது, நாளையிலிருந்து ஜாகிங் போங்க' என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு நீங்களே ஓட ஆரம்பித்திருக்கிறீர்களா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

பெருந்துறைப் பக்கம் விடியற்காலையில் சிப்காட் ரோட்டிலும் கல்லூரி மைதானங்களிலும் ஓடுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஓட்டம் வெறும் உடற்பயிற்சி அல்ல, வேலைக்கான வாசல். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். இதில் தேறினால்தான் அடுத்த கட்டம்.

சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? எழுத்துத் தேர்வுக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்த இடத்திலேயே படிப்பு. ரிசல்ட் வந்த மறுநாளே ஷூவை மாட்டிக்கொண்டு தார் ரோட்டில் தினமும் ஐந்து கிலோமீட்டர்! இரண்டு, மூன்று வாரத்தில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் உள்பக்க ஓரமாக 'விண் விண்' என்று ஒரு வலி. "சுளுக்கா இருக்கும் கண்ணு, எண்ணெய் போட்டு நீவினாச் சரியாயிரும்" என்கிறார் பாட்டி. பையனும் ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடி ஓடுகிறான்.

அது சுளுக்கு அல்ல!

டாக்டர்கள் இதை 'ஷின் ஸ்ப்ளிண்ட்ஸ்' என்பார்கள். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. ஒரு கிலோமீட்டர் ஓட சுமார் ஆயிரம் அடி. கணக்குப் போட்டுப் பாருங்கள்... கால் எலும்பு எத்தனை இடி வாங்குகிறது என்று!

எலும்பு என்பது உயிருள்ள பொருள். பாரம் கூடினால் தன்னைத்தானே பலப்படுத்திக்கொள்ளும். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. பழைய சுவரைக் கொத்திவிட்டுத்தானே புதுப் பூச்சு பூசுகிறோம்? அதேபோல, எலும்பும் முதலில் பழைய பகுதியைக் கரைக்கிறது. இதற்குச் சில வாரங்கள் போதும். புது எலும்பு கட்டி முடிக்கவோ மூன்று மாதம்வரை ஆகிறது. கொத்திய சுவர் பூசப்படாமல் நிற்கும் அந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் ஓட்டத்தை இரட்டிப்பாக்குகிறார்கள். நெஞ்சும் மூச்சும் சீக்கிரம் பழகிவிடும். எலும்புக்கு அவகாசம் வேண்டும்.

சிப்பாய்கள் சொல்லித் தந்த பாடம்

1855-ல் பிரஷ்ய ராணுவ டாக்டரான ப்ரைட்ஹௌப்ட், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி வலிப்பதைக் கவனித்து எழுதினார். காரணம் அப்போது பிடிபடவில்லை. 1895-ல் எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்டு, 1897-ல் அப்படிப்பட்ட பாதங்களைப் படமெடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது... எலும்பில் விரிசல்! விழவில்லை, அடிபடவில்லை, நடந்தே விரிசல் விட்டிருக்கிறது. 'ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்' என்பது இதுதான். கால் எலும்பிலும் இது வரும்.

சாதா வலியா, விரிசலா?

வீட்டிலேயே விரலால் அழுத்திப் பாருங்கள்.

* எலும்பின் உள் ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு மேல் பரவலாக வலித்தால், பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளிண்ட்ஸ்.
* காசு அளவு ஓரிடத்தில் மட்டும் 'சுரீர்' என்று வலித்தால், நடக்கும்போதும் ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டால்... விரிசலாக இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். பெருந்துறையிலேயே அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.
* ஓடும்போது கால் இறுகி, பாதம் மரத்துப்போனாலோ, கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தாலோ அது வேறு பிரச்னை. அதற்கும் டாக்டர்தான்.

ஒரு முக்கிய விஷயம்: முதல் இரண்டு, மூன்று வாரங்களில் எக்ஸ்-ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம். 'எக்ஸ்-ரே நார்மல்' என்ற தைரியத்தில் ஓடாதீர்கள். வலி விடாவிட்டால் மறுபடி காட்டுங்கள்; தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். எலும்பின் முன் ஓரத்தில் வரும் விரிசலை அலட்சியப்படுத்தினால், எலும்பு முழுதாக முறிந்து கம்பி வைக்கிற ஆபரேஷன்வரை போய்விடும்.

என்ன செய்யலாம்?

ஷின் ஸ்ப்ளிண்ட்ஸ்தான் என்றால் பயப்பட வேண்டாம். சில வாரங்கள் ஓட்டத்துக்கு லீவு. வலிக்காதவரை சைக்கிள் மிதிக்கலாம். கிணற்றில் நீச்சல் அடிக்கலாம். மூச்சுப் பயிற்சி வீணாகாது. துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். எலும்பின்மேல் அழுத்தி நீவவே கூடாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது, நெருப்பு எரியும்போது மணியை மட்டும் நிறுத்துவதுபோல.

வலி குறைந்ததும் வாசல்படியில் நுனிக்காலில் நின்று, குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். கெண்டைக்கால் சதை பலப்பட்டால் எலும்புக்குப் பாரம் குறையும்.

அரை மணி நேரம் வேகமாக நடந்தும் வலிக்கவில்லையா? இனி ஓடலாம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். தார் ரோட்டைவிட மண் தரை நல்லது. வாரத்துக்குப் பத்து சதவிகிதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதீர்கள். அடிப்பாகம் தேய்ந்த ஷூவை மாற்றிவிடுங்கள்.

தட்டிலும் கவனம் வேண்டும்

பெரியவர்களுக்குத் தினம் 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ராகிக் களியும் ஒரு டம்ளர் மோரும் நம் ஊர்ச் சொத்து, விடாதீர்கள். எடை குறையட்டும் என்று பட்டினி கிடந்து ஓடும் பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனால், அதை 'பயிற்சியால்தான்' என்று விட்டுவிடக் கூடாது. எலும்பு பலவீனமாவதற்கு அது எச்சரிக்கை. அம்மாக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும்போதே வாரம் மூன்று நாள், இருபது நிமிடம் மெதுவாக ஓடச் சொல்லுங்கள். "கால் வலிக்குதுங்கம்மா" என்று பிள்ளை சொன்னால் "சோம்பேறி" என்று திட்டாதீர்கள். பத்து நாள் ஓய்வு எடுத்தால் பத்து நாள்தான் போகும். விரிசலோடு ஓடினால் அந்த வருடத்துத் தேர்வே போய்விடும்!