எம்டன் போட்ட குண்டு
கோபிசெட்டிபாளையத்தில் எல்லாரையும் ஏய்த்துவிட்டு ஓடும் பையனைப் பார்த்து, "இவன் செரியான எம்டன்!" என்பார்கள். எம்டன் என்பது மனிதனின் பெயரா? அல்ல. அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல்!

1914 செப்டம்பர் 22. இரவு மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்த எம்டன், விளக்கொளி பாய்ச்சிக் குறிபார்த்துச் சுட்டது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிலர் மாண்டனர். பீதியடைந்த மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டு ஓடினர்.

நவம்பர் 9-ல், கோகோஸ் தீவருகே, 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் எம்டனை வீழ்த்தியது.

எம்டன் போட்ட குண்டின் சிதறல், சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருக்கிறது. சென்னைக்குப் போனால் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். நாம் வேடிக்கையாகச் சொல்லும் பெயர், ஒரு காலத்தில் எத்தனை குடும்பங்களைக் கதிகலங்க வைத்தது என்பதை அந்த இரும்புத் துண்டு சொல்லும்.